உள்ளங்கை மஞ்சளித்த பிறகு: தோலுக்காக மிக்ஸியில் அரைத்த பானங்கள் – எங்கள் அனுபவங்கள்

முதல் பகிர்வு – வேலூரிலிருந்து

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள், பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த ஆசிரியை என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "டீச்சர், உங்களுக்குக் காமாலை ஏதும் இருக்கா?" என்று கேட்டார். எழுந்து சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் அரைத்துவிட்டுக் கையை அரைகுறையாகக் கழுவியது போல உள்ளங்கை முழுவதும் மஞ்சளாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் குதிகாலும் மூக்கின் இரு பக்கமும் அதே நிறம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அதற்கு முந்தைய இரண்டரை மாதங்களாக நான் தோலுக்காக ஒரு பழக்கத்தை விடாமல் கடைப்பிடித்து வந்தேன். மார்கழிப் பனியில் தொடங்கிய தோல் வறட்சி தை பிறந்தும் தீரவில்லை. கணைக்காலில் மீன் செதிள் போல வெடித்து, புடவை உரசினாலே அரித்தது. கேரட் சாறு குடித்தால் தோல் மினுமினுக்கும் என்று உறவினர் ஒருவர் அக்கறையோடு சொன்னதால், காலையில் நான்கு பெரிய கேரட்டுகளை அரைத்து, வடிகட்டி, இரண்டு கரண்டி சர்க்கரை சேர்த்துக் குடித்தேன். மாலையில் பப்பாளிச் சாறு. சக்கையைக் குப்பையில் போட்டேன் என்பதை இப்போது எழுதும்போதுகூட மனம் வருந்துகிறது.

மருத்துவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்தது. சிறுநீரின் நிறத்தைக் கேட்டார், பிறகு, "கேரட், பப்பாளி நிறையச் சாப்பிடுறீங்களாம்மா?" என்றார். கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டின் அளவுக்கு மீறி உடலில் சேரும்போது உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற தடித்த தோலில் படிந்து மஞ்சளாகத் தெரியும் என்றும், காமாலையில் பிலிரூபின் என்ற பித்த நிறமி கண்ணின் வெள்ளைப் பகுதியையும் மஞ்சளாக்கும் என்பதால் அங்கே பார்த்தால் வேறுபாடு புலப்படும் என்றும் விளக்கினார். ஆனாலும் இரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தினார். தோல் வறட்சிக்குத் தைராய்டுக் குறைவும் காரணமாகலாம் என்பதால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவையும் பார்த்தார். இரண்டும் இயல்பாகவே இருந்தன. கேரட்டைக் குறைத்த பின் நிறம் மெல்ல மங்கி மறைய இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று.

அன்று அவர் சொன்ன இன்னொன்றைத்தான் இந்தப் பகிர்வில் முதலில் எழுதியிருக்க வேண்டும். நாம் குடிக்கும் நீர் முதலில் இரத்தத்துக்கும் உள்ளுறுப்புகளுக்கும் போகிறது. தோலின் மேலடுக்கோ உயிரற்ற செல்களை நெருக்கமாக அடுக்கியது போன்றது, அந்தச் செல்களுக்கு இடையே இருக்கும் கொழுப்புப் பொருள்கள்தாம் அங்குள்ள ஈரத்தை ஆவியாகாமல் காக்கின்றன. வெந்நீரும் காரமான சோப்பும் அந்தக் கொழுப்பைக் கழுவிக் கொண்டு போய்விட்டால், எத்தனை குவளைச் சாறு குடித்தாலும் அந்த இடம் நிரம்பாது. ஆகவே, மிதமான சூட்டில் குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, உடலில் ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ பூசிக்கொள்ளச் சொன்னார். செதிள் உதிர்ந்தது பெரும்பாலும் இதனால்தான். பானம் மட்டுமே செய்தது என்று நான் எழுதினால் அது உண்மையாகாது.

அப்படியானால் பானங்களால் பயனே இல்லையா என்றால், உண்டு. அது வேறு வழியில் வருகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை உடல் ஒழுங்காகக் கட்டுவதற்கு வைட்டமின் சி இன்றியமையாதது. அது அறவே குறைந்தபோது ஈறு வீங்கி இரத்தம் கசிந்து, ஆறிய புண்கள்கூட மீண்டும் திறந்துகொண்ட ஸ்கர்வி நோயில் எத்தனையோ கடலோடிகள் மாண்டார்கள்; ஆரஞ்சும் எலுமிச்சையும் அதைக் குணமாக்குவதை 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் சோதித்துக் காட்டினார். நம் நாட்டில் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம், ஆண்களுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் பரிந்துரைத்தது. நடுத்தர அளவுள்ள ஒரு பெருநெல்லிக்காயே ஏறத்தாழ அந்தத் தேவையை நிறைவு செய்துவிடும். தேவைக்கு மேல் போனது பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது என்பதால், நான்கைந்து நெல்லிக்காயைச் சேர்த்து அரைப்பதில் பொருளில்லை.

என் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. பள்ளிக் கழிப்பறையை நினைத்தே நான் பகலில் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து வந்தேன். ஆசிரியைகள் பலருக்கும் இது தெரியும். காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் பாதிக்கு மேல் அப்படியே வீடு திரும்பும். உதடு வெடிப்பதும் பிற்பகல் தலைவலியும் வழக்கமாகிவிட்டிருந்தன. இப்போது பதினொரு மணி இடைவேளையில் தேநீருக்குப் பதிலாக ஃபிளாஸ்கில் கொண்டு போகும் நெல்லி மோரைக் குடிக்கிறேன். சுவை இருப்பதால் குடிக்கத் தோன்றுகிறது. குடிப்பதால் உடலில் நீர் குறைவதில்லை.

அதைச் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஒரு பெருநெல்லியைக் கொட்டை நீக்கி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, சுண்டுவிரல் நகமளவு இஞ்சி ஆகியவற்றோடு சிறிதளவு தண்ணீர் விட்டு முதலில் நைசாக அரைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வெள்ளரிக்காய் நீராகிவிடும், நெல்லி நாராக மிதக்கும். பலர் வடிகட்டிவிடுவது இதனால்தான். அடுத்து அரை வெள்ளரிக்காயைத் தோலோடு சேர்த்து அரைத்து, கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி தயிரும் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, மிக்ஸியை இரண்டு முறை மட்டும் விட்டுவிட்டு ஓட்டினால் போதும். தயிரை நெடுநேரம் ஓட்டினால் வெண்ணெய் திரண்டு மேலே ஒட்டிக்கொள்ளும். வெள்ளரிக்காயில் வைட்டமின் சி-யைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு; ஆகவே இரவே அரைத்துக் குளிர்பெட்டியில் வைப்பதைவிடக் காலையில் அரைப்பது நல்லது. ஒரு முறை இதைச் செம்புப் பாட்டிலில் கொண்டு போய்விட்டேன். இடைவேளையில் வாயில் வைத்தபோது உலோகக் கசப்பு நாக்கில் ஏறியது. புளிப்பு செம்பைக் கரைக்கும். எஃகுப் பாத்திரமே இதற்கு ஏற்றது.

கேரட்டை நான் அடியோடு விட்டுவிடவில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒரே ஒரு கேரட்டை ஆவியில் ஐந்து நிமிடம் வேகவைத்து, ஊறவைத்துத் தோலுரித்த ஐந்து பாதாம் பருப்புகளோடு அரைத்து, வடிகட்டாமல் குடிக்கிறேன். கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் பாதாமோ சிறிது தேங்காய்ப்பாலோ இருந்தால்தான் உடல் அதை நன்றாக ஈர்த்துக்கொள்ளும். வேகவைப்பதும் அரைப்பதும் செல்சுவரை உடைத்து அதை வெளியே கொண்டுவரும். கொழுப்பின்றி நான்கு கேரட் குடித்ததைவிட இது சிக்கனமும்கூட.

உங்கள் வீடுகளில் செய்து பார்த்தவற்றையும், குறிப்பாகத் தவறிப் போனவற்றையும் எழுதுங்கள்.

மறுமொழி – திருச்சியிலிருந்து

வேலூர்ச் சகோதரிக்கு வணக்கம். நான் எழுதுவது என் தந்தையாரைப் பற்றியது. இதைப் படிக்கும் ஒரு வீட்டிலாவது இது நேராமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 67, இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற கோடையில் அவருக்கு உடலெங்கும் தோல் வறண்டு, இரவெல்லாம் அரித்தது. முதுகில் சொறிந்த தழும்புகளைக் கண்டு, உடல் சூடுதான் காரணம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். காலையில் பசலைக்கீரை, பீட்ரூட், நெல்லி சேர்த்து அரைத்த பச்சைச் சாறு, பிற்பகலில் இளநீர். அன்போடுதான் கொடுத்தோம். மூன்றாவது வாரத்தில் அவருக்குக் கால்கள் துவண்டு, மாடிப்படி ஏற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். இரத்தத்தைச் சோதித்தபோது பொட்டாசியம் 6.1 இருந்தது, 5-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்றார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினும் உயர்ந்திருந்தது. சிறுநீரகம் பழுதுபட்டிருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தத் தோல் வறட்சியும் அரிப்பும் சிறுநீரக நோயின் அறிகுறிகளாகவே இருந்திருக்கின்றன. நாங்கள் அறிகுறிக்கு மருந்தென்று நினைத்துக் கொடுத்த பானம் நோயை மேலும் கடினமாக்கியது. இளநீரிலும் கீரையிலும் பொட்டாசியம் மிகுதி. பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. பசலைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் வேறு அதிகம் என்பதால், அவற்றைப் பச்சையாக நிறைய அரைத்து நாள்தோறும் குடிப்பது சிறுநீரகக்கல் உள்ளவர்களுக்கும் ஆகாது. அப்பா மருத்துவமனையில் ஆறு நாள் இருந்து நலமடைந்தார். இப்போது அளந்து தண்ணீர் குடிக்கிறார், அரிப்புக்குக் களிம்பு பூசுகிறார், ஓரளவு உறங்குகிறார். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்குச் சாறு கொடுக்கும் முன் ஒரு கிரியாட்டினின் பரிசோதனை செய்துவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி – காரைக்குடியிலிருந்து

சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கசந்தால் உடனே கொட்டிவிடுங்கள். சுரைக்காய், வெள்ளரி இனக் காய்களில் குக்குர்பிடசின் என்ற கசப்பு நஞ்சு சில வேளைகளில் மிகுந்துவிடும். 2010-ல் டில்லியில் ஓர் அறிவியலாளர் கசந்த சாற்றைக் குடித்து இறந்த பிறகு, ஐ.சி.எம்.ஆர். ஒரு குழுவை அமைத்து இதைப் பற்றி எச்சரித்தது. எங்கள் அம்மா சுரைக்காயை நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்டுக்கே போடுவார். மருந்துபோல நினைத்துக் கசப்பைப் பொறுத்துக்கொண்டு குடிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

சோற்றுக்கற்றாழைக்கும் இதே கவனம் வேண்டும். மடலை வெட்டியதும் ஓரத்தில் மஞ்சளாக வடியும் பாலைப் பார்த்திருப்பீர்கள். அது கடுமையாகப் பேதியாக்கும். பேதியானால் உடல் நீரை இழக்கும், நாம் நினைத்ததற்கு நேர்மாறான விளைவு. மடலை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்துப் பால் முழுவதையும் வடியவிட்டு, பச்சைத் தோலைச் சீவி, கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுத்து ஏழு முறை கழுவ வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆறாவது தண்ணீர்வரை என் விரல்களில் கசப்பு நின்றது. கர்ப்பிணிகள் கற்றாழையை உட்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

மறுமொழி – சென்னையிலிருந்து

எனக்கு நேர்ந்தது பானத்தைக் குடித்ததால் அல்ல, பிழிந்ததால். பங்குனி உத்திரத்தன்று எங்கள் தெருவில் காவடி எடுத்து வருபவர்களுக்குப் பானகம் கொடுப்போம். நானும் தம்பியும் வாசலில் பந்தலுக்கு வெளியே நின்று, நூற்றுக்கு மேற்பட்ட எலுமிச்சம்பழங்களைக் கையால் பிழிந்தோம். மறுநாள் புறங்கை எரிந்து சிவந்தது. சில நாள்களில் சாறு வழிந்த தடம் எப்படி ஓடியதோ அப்படியே, மணிக்கட்டுவரை பழுப்புக் கோடுகள் விழுந்தன. எலுமிச்சை இனப் பழங்களில், குறிப்பாகத் தோலில், உள்ள சில பொருள்கள் வெயில் படும்போது தோலைச் சுட்டுவிடும் என்று தோல் மருத்துவர் கூறினார். கோடுகள் மறைய நான்கு மாதங்கள் ஆயின. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெளியே போகும் பிள்ளைகளைப் பார்த்தால் அன்றிலிருந்து நான் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

பானத்தைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் தர்ப்பூசணிதான். சர்க்கரை வேண்டியதில்லை, விதைகளை எடுத்துவிட்டு, நான்கு புதினா இலைகளோடு ஒரே சுற்று ஓட்டி, பதினைந்து நிமிடம் ஊறவைத்த சப்ஜா விதையைக் கலந்துவிடுவேன். சப்ஜாவை ஊறாமல் விழுங்கக் கூடாது. தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். மகளுக்குப் பதினாறு வயது, முகப்பரு உண்டு. அவள் தினமும் கடையில் குடித்து வந்த ஐஸ்கிரீம் கலந்த மில்க் ஷேக்குக்குப் பதிலாக இதைக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. பரு குறைந்திருக்கிறது, மருத்துவர் கொடுத்த களிம்பும் உடன் இருப்பதால் எது எவ்வளவு செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதல் பகிர்வாளரின் மறுமொழி – வேலூரிலிருந்து

திருச்சிச் சகோதரருக்கு: தங்கள் தந்தையார் உறங்குகிறார் என்று படித்ததும் மனம் ஆறியது. தாங்கள் எழுதியதை எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் உரக்கப் படித்துக் காட்டினேன். சர்க்கரை நோய் உள்ள இருவர் அன்று மாலையே பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள்.

காரைக்குடி அம்மா அவர்களுக்கு: வெள்ளரிக்காயையும் இனி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே ஜாரில் போடுவேன். இத்தனை நாள் காம்பை நறுக்கித் தேய்த்து நுரையை எடுத்தால் போதும் என்றிருந்தேன்.

சென்னைச் சகோதரிக்கு: என் கணவருக்கும் தர்ப்பூசணி பிடிக்கும், ஆனால் அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. அவருக்கு மட்டும் சாறாக்காமல் துண்டுகளாகவே கொடுக்கிறேன். மென்று தின்னும்போது இரண்டு கீற்றில் நிறைந்துவிடுகிறது, அரைத்தால் அவரே நான்கு கீற்றைக் குடித்துவிடுவார். இன்று காலை நெல்லி மோர் இரண்டு ஃபிளாஸ்கில் போயிற்று. ஒன்று எனக்கு, மற்றொன்று என் கையைத் திருப்பிப் பார்த்த அந்த ஆசிரியைக்கு.