மறு: குபர்னடோரியல் – ‘ஆளுநர்சார்’ வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்.

‘கவர்னர் தொடர்பான’ என்று பொருள்படும் குபர்னடோரியல் (gubernatorial) என்ற ஆங்கிலப் பெயரடைக்குத் தமிழில் என்ன சொல்வது என்று நான்கு நாளாக நீங்கள் பேசிக்கொள்வதைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ‘ஆளுநர்சார் தேர்தல்’ என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது, அதனால் வாயைத் திறக்கிறேன். அந்தச் சொல்லைச் சத்தமாக ஒரு தரம் படித்துப் பாருங்கள். “ஆளுநர் சார்!” என்று யாரோ வாசலில் நின்று கும்பிடுகிற மாதிரி இருக்கிறது. அச்சில் ஒட்டியே எழுதினாலும் கண் பிரித்துத்தான் படிக்கும். அது போகட்டும் என்றாலும், ‘ஒரு சார்’, ‘சார்பு’ என்று பழகிய காதுக்கு ஆளுநருக்குச் சாதகமாக நடக்கிற தேர்தல் என்றுதான் கேட்கும்.

எனக்கு இந்தச் சொல் ஏன் வேண்டியிருந்தது என்றால், நான் இருப்பது நியூ ஜெர்சியில். 2025 நவம்பர் 4 அன்று இங்கே ஆளுநரைத் தேர்ந்தெடுத்தோம், மிக்கி ஷெரில் ஜெயித்தார். அதற்கு முந்தின மாதம், இங்குள்ள தமிழ்ப் பெரியவர்களுக்காக ஒரு பக்கத்தில் வாக்காளர் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, தபாலில் வந்த பளபளப்பான பிரச்சார அட்டையை வெங்காயத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கவர்னருக்கு எதுக்குப்பா ஓட்டு? அவரை டெல்லிலேர்ந்துதானே போடுவாங்க?”

சிக்கலே அந்தக் கேள்விதான். ‘ஆளுநர்’ என்ற சொல்லைப் படித்ததும் நம்மூர் வாசகருக்கு ‘நியமனம்’ என்பதுதான் மனதில் வரும். இந்தியாவில் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், இலங்கையில் மாகாண ஆளுநர்களை ஜனாதிபதி நியமிக்கிறார். இரண்டு நாட்டுத் தமிழருக்கும் ‘ஆளுநர் தேர்தல்’ என்றால் கொஞ்சம் இடறும். எந்தப் பெயரடையைக் கண்டுபிடித்தாலும் இந்த இடறல் போகாது. அதனால் பெயரடையைத் தேடுவதிலேயே எனக்கு நம்பிக்கை குறைவு.

முதலில் சொல்லப்பட்ட மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம். ‘ஆளுநரியல்’ என்றால் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடப் படிப்பு மாதிரி இருக்கிறது, இயற்பியல், வேதியியல், ஆளுநரியல். ‘ஆளுநரிய’ அதைவிட மோசம். காந்திய, மார்க்சிய என்ற வரிசையில் போய் நின்று ஏதோ ஒரு கொள்கையாகிவிடும்.

சொல்லின் பிறப்பை வைத்து ‘மீகாமிய’ (மீகாமன் என்றால் கப்பலோட்டி) என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். விளையாட்டென்றாலும் அதில் விஷயம் இருக்கிறது. கிரேக்கத்தில் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவருக்குக் குபெர்னேட்டிஸ் என்று பெயர். அது லத்தீனில் குபெர்னாட்டோர் ஆனது. பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த வடிவம் கவர்னர்; பெயரடையை மட்டும் ஆங்கிலம் நேரே லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டது. அதனால்தான் கவர்னருக்கும் குபர்னடோரியலுக்கும் முகச்சாயலே இல்லை. 1948-ல் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராயும் தன் துறைக்கு சைபர்னெட்டிக்ஸ் என்று பெயர் வைத்தபோதும் இதே கிரேக்கச் சுக்கான்காரரைத்தான் கூப்பிட்டார். நம் லாரியிலும் பள்ளிப் பேருந்திலும் இருக்கிற ஸ்பீடு கவர்னரும் இதே குடும்பம்தான். நம்மிடமும் மீகாமன் இருக்கிறார், சங்கப் பாட்டில் நீகான் இருக்கிறார், ஆனால் அவர்களைக் கோட்டையில் உட்கார வைக்கும் வழக்கம் தமிழில் வளரவில்லை. இப்போது போய் உட்கார வைத்தால் மாலுமிகள் சங்கத் தேர்தல் என்று நினைப்பார்கள்.

சரி, தமிழ் இதை எப்படிச் செய்கிறது? பெயருக்கு முன்னால் இன்னொரு பெயரை நிறுத்தினால் போதும், அதுவே அடை. குடியரசுத் தலைவர் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல். அதே நவம்பர் 4-ல் நியூயார்க்கில் நடந்ததை எல்லாரும் ‘மேயர் தேர்தல்’ என்றே எழுதினார்கள். ‘மேயர்சார்’ என்று யாரும் தவிக்கவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன்: எங்கள் வாக்குச்சீட்டிலேயே குபர்னடோரியல் என்ற சொல்லுக்கு வேலை இல்லை, பதவியின் பெயரைத்தான் போடுகிறார்கள். அது பத்திரிகைக்காரர்களும் அரசியல் பேசுகிறவர்களும் வைத்திருக்கிற சொல். ஆங்கிலச் சீட்டுக்கே வேண்டாத பெயரடையை நாம் ஏன் முதுகில் தூக்கிக்கொள்ள வேண்டும்?

ஆக ‘ஆளுநர் தேர்தல்’ போதும். (ஒருவர் ‘ஆளுநர்த் தேர்தல்’ என்று எழுதியிருந்தார். உயர்திணைப் பெயர், த் மிகாது. முதல்வர் பதவி, அமைச்சர் பதவி என்றுதானே எழுதுகிறோம். அப்புறம் ‘ஆளுனர்’ வேண்டாம். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் போல ‘நர்’தான்.) கட்டுரையில் முதல் தடவை வரும்போது மட்டும் ‘ஆளுநர் பதவிக்கான தேர்தல்’ என்று விரித்து எழுதிவிட்டால் என் அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும், அடுத்த வரியில் ‘இங்கே ஆளுநரை மக்களே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் மீதியும். நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் இரண்டில் மட்டும் இரண்டு ஆண்டு.

உண்மையில் சிரமம் தருவது தேர்தல் இல்லை, மற்ற இடங்கள். குபர்னடோரியல் அப்பாயின்ட்மென்ட் என்று வருகிறது. ‘ஆளுநர் நியமனம்’ என்று எழுதினால் ஆளுநரை யாரோ நியமித்தார்கள் என்று பொருள் தலைகீழாகிவிடும். நியூ ஜெர்சியில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் அட்டர்னி ஜெனரலையும் மேலவை ஒப்புதலோடு நியமிப்பவர் ஆளுநர்தான். அதனால் அங்கே ‘ஆளுநர் செய்யும் நியமனம்’ என்று வினையை வெளிப்படையாகப் போட்டே ஆக வேண்டும். தண்டனை மன்னிப்பு, சட்ட முன்வடிவை மறுப்பது போன்ற அதிகாரங்களுக்கு ‘ஆளுநரின்’ என்று வேற்றுமை உருபோடு எழுதினால் தெளிவு. வேட்பாளருக்கு ‘ஆளுநர் வேட்பாளர்’ போதும். ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடியதால்தான் நான்கு நாள் போனது.

‘ஆளுநர்’ என்ற சொல்லையே மாற்ற வேண்டும், அமெரிக்காவில் அவர் நம் முதல்வர் மாதிரி என்று எழுதிய ஐயாவுக்கு: நீங்கள் சொல்கிற வேறுபாடு சரிதான், மாற்றம் வேண்டாம். ஆளுநர் என்றால் ஆள்பவர். நேராகப் பார்த்தால் இந்தச் சொல் நம்மூரை விட எங்கள் மாநிலத் தலைநகர் டிரென்டனுக்குத்தான் பொருந்துகிறது! நம்மூரிலும் அரசியல் நிர்ணய சபையின் வரைவில் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இருந்தது. தேர்ந்தெடுத்த முதல்வரும் தேர்ந்தெடுத்த ஆளுநரும் மோதிக்கொள்வார்கள் என்று பயந்து 1949-ல் நியமனத்துக்கு மாற்றினார்கள். மோதல் தவிர்ந்ததா என்பதை நான் இங்கே கிளறப் போவதில்லை. ஜப்பானில் 47 மாகாணங்களுக்கும், நைஜீரியாவில் 36 மாநிலங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்கள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் இந்தச் சொல்லே சரிப்படும். இலங்கையில் ஆங்கிலேயர் காலத்து கவர்னரைத் ‘தேசாதிபதி’ என்பார்கள். சொல் அழகுதான், ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு அது கொஞ்சம் அதிகம்.

லெப்டினன்ட் கவர்னருக்கு மட்டும் என் குறிப்பில் ‘துணை ஆளுநர்’ என்று எழுதினேன். ‘துணைநிலை ஆளுநர்’ என்றால் புதுச்சேரிக்காரர் உடனே தங்கள் ஊர் நியமன அதிகாரியை நினைப்பார். நியூ ஜெர்சியில் ஆளுநரும் துணை ஆளுநரும் ஒரே ஓட்டில் சேர்ந்து ஜெயிக்கிறவர்கள்.

அகராதிப் பதிவுக்கு என் வரி இது: ‘குபர்னடோரியல் – ஆளுநர், ஆளுநரின், ஆளுநர் பதவிக்கான, ஆளுநர் செய்யும் (இடத்துக்கேற்ப)’. அவ்வளவுதான்.

நான் இன்னும் மாட்டிக்கொண்டிருப்பது ரீகால் தேர்தலில். 2003-ல் கலிஃபோர்னியாவில் ஆளுநர் கிரே டேவிஸை மக்களே ஓட்டுப் போட்டுப் பாதியில் இறக்கிவிட்டு அர்னால்டு ஸ்வார்ஸ்நெகரை ஏற்றினார்களே, 135 பேர் போட்டியிட்டது, அது. ‘திரும்ப அழைக்கும் தேர்தல்’ என்று எழுதினால் போனவரை மறுபடி வரச் சொல்வது போல இருக்கிறது, ‘பதவி நீக்கத் தேர்தல்’ என்றால் சட்டமன்றம் குற்றம் சாட்டி நீக்குவதோடு குழம்புகிறது. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?