விழுந்து எழுந்து வென்ற மருமகனை அடுத்த போட்டிக்கு அனுப்பலாமா?

ஒட்டுசுட்டான் மாமா எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். என் அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது. புதுக்குடியிருப்பில் குத்துச்சண்டை பழகுகிறான். நல்ல எதிர்காலம் உள்ள பிள்ளை என்று பயிற்றுநரும் ஊராரும் சொல்கிறார்கள். கடந்த கிழமை கிளிநொச்சியில் நடந்த ஒரு போட்டியில், முதலாம் சுற்று முடிய அரை நிமிடமளவு இருக்கையில், எதிராளி முழங்கையை மடித்துப் பக்கவாட்டாக வீசிய இடக்கை ஹூக் தாடையில் பட்டு விழுந்துவிட்டான். எண்ணிக்கை எட்டு வரும்வரை பொறுத்திருந்து எழுந்தவன், அடுத்த இரண்டு சுற்றுகளிலும் முன்னே நிற்கும் கையை நேராக நீட்டி அடிக்கும் ஜப் குத்துகளாலேயே எதிராளியைத் தள்ளிவைத்து, ஐந்து நடுவர்களில் நால்வரின் தீர்ப்பால் வென்றான்.

இரண்டு விடயங்களில் தெளிவு வேண்டும். விழுந்தவனுக்கு வெற்றி கொடுத்தது அநியாயம் என்று எதிர்த்தரப்பினர் இன்னமும் முறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது சரியா? மற்றது, இன்னும் மூன்று கிழமைகளில் வவுனியாவில் வேறொரு போட்டி வருகிறது. அக்கா வேண்டவே வேண்டாம் என்கிறார். அத்தானோ, விழுந்தும் வென்றவனுக்கு இனி என்ன பயம் என்கிறார். இருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முள்ளியவளைப் பழையவர் எழுதியது:

தம்பி, முதலில் புள்ளிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் பார்த்த தொழில்முறைச் சண்டையின் வழக்கத்தையே பலரும் உங்கள் மருமகன் ஆடும் அமெச்சூர் மேடைக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். தொழில்முறையில் ஒருவர் விழுந்தால் அந்தச் சுற்று வழக்கமாகப் பத்துக்கு எட்டு என்று பதியப்படும். அமெச்சூரில் விழுத்தியதற்கென்று தனிப் புள்ளி கிடையாது. சுற்றை வென்றவருக்குப் பத்தும் மற்றவருக்கு அதைவிடக் குறைவாகவும் கொடுக்கும் பத்துப் புள்ளி முறை 2013 முதல் இங்கும் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், இலக்கில் சுத்தமாகப் பட்ட குத்துகள் யாருடையவை, நுட்பத்தாலும் உத்தியாலும் சண்டையைத் தன் பிடிக்குள் வைத்திருந்தவர் யார், வெல்லும் முனைப்பு யாரிடம் இருந்தது என்பவற்றைக் கொண்டே நடுவர்கள் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே எடைபோடுகிறார்கள். ஒரு நடுவர் முதலாம் சுற்றை 10–9 என எதிராளிக்கும், மற்ற இரண்டையும் அதேபோல உங்கள் மருமகனுக்கும் கொடுத்திருந்தால் கூட்டுத்தொகை 29–28 ஆகும். முதலாம் சுற்றை 10–8 என்று கடுமையாகப் பதிந்திருந்தாலும் 28–28 எனச் சமனாகும். அப்போதும் வென்றவர் யாரென்பதை அந்த நடுவர் தெரிவுசெய்தே ஆகவேண்டும். ஆகையால் அந்த முறைப்பாட்டில் சாரம் இல்லை.

விழுந்தவன் எழுந்தான் என்பதை ஊர் கொண்டாடுகிறது. எனக்குப் பிடித்தது அவன் எப்போது எழுந்தான் என்பதும், எழுந்த பின் என்ன செய்தான் என்பதுந்தான். விழுந்தவர் மூன்றாம் எண்ணிலேயே நிமிர்ந்து நின்றாலும், மேடைக்குள் நிற்கும் மத்தியஸ்தர் எட்டுவரை எண்ணியே தீருவார். அவசரப்பட்டு எழுவதால் ஒரு நொடியும் இலாபமில்லை, தள்ளாடும் கால்களை எல்லாரும் பார்ப்பது மட்டுந்தான் மிச்சம். 2024 மே 6 அன்று டோக்கியோ டோமில், லூயிஸ் நேரியின் இடக்கை ஹூக்கில் முதலாம் சுற்றிலேயே, தொழில்முறை வாழ்க்கையில் முதன்முறையாக விழுந்த ஜப்பானிய உலக சாம்பியன் நவோயா இனோவே, எட்டு எண்ணும்வரை முழங்காலில் இருந்துவிட்டுத்தான் எழுந்தார். ஆறாம் சுற்றில் சண்டையை முடித்துவைத்தார்.

எழுந்த பின் வரும் அரை நிமிடந்தான் இளையவர்களைக் கெடுக்கிறது. வெட்கம் தாங்காமல் வலக்கையை வீசிக்கொண்டு பாய்வார்கள். இரண்டாவது வீழ்ச்சி பெரும்பாலும் அந்தப் பாய்ச்சலில்தான் காத்திருக்கும். கட்டிப்பிடித்துக் காலங்கடத்தவும் அமெச்சூரில் அதிகம் இடமில்லை. விடாமல் பிடித்தால் எச்சரிக்கை வரும், எச்சரிக்கை ஒன்றுக்கு ஒரு புள்ளி போகும். ஜப்பை நீட்டி, அந்த இடக்கைக்கு எட்டாத பக்கமாகச் சுற்றிச்சுற்றி நின்றது பதினேழு வயதுக்கு மிஞ்சிய நிதானம். ஆனால் அவனிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்: இரண்டாம் சுற்றுக்கு முந்திய ஒரு நிமிட இடைவேளையில், மூலையில் வைத்துப் பயிற்றுநர் சொன்னது அவனுக்கு நினைவிருக்கிறதா?

ரொறன்ரோ மாங்குளத்தான் எழுதியது:

அண்ணா, யோசிக்காமல் அனுப்புங்கள். கசியஸ் கிளே என்ற பெயரில் முகமது அலி ஆடிய காலத்தில், 1962 பெப்ரவரி 10 அன்று நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டனில் சொனி பாங்ஸ் அவரை முதலாம் சுற்றில் இடக்கை ஹூக்கால் விழுத்தினார். அலிக்கு அப்போது இருபது வயது. றோம் ஒலிம்பிக் தங்கம் வாங்கி இரண்டு வருடங்கூட நிரம்பவில்லை. எழுந்தார், நான்காம் சுற்றில் பாங்ஸை நிறுத்தினார், அதே மாதம் 28 ஆம் திகதி மயாமி பீச்சில் அடுத்த சண்டையையும் வென்றார். நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பொத்திப்பொத்தி வைப்பு?

ஒட்டுசுட்டான் மாமா எழுதியது:

ஐயா, கேட்டேன். முதலில் மழுப்பினான். பின்னர், எழுந்து நின்றது தெரியும் என்றும், மூலையில் இருந்ததோ, பயிற்றுநர் சொன்னதோ, இரண்டாம் சுற்றின் பெரும்பகுதியோ நினைவில்லை என்றும், கைத்தொலைபேசியில் எடுத்த காணொளியைப் பார்த்தே தான் ஆடியதை அறிந்துகொண்டதாகவும் சொன்னான். இப்போதும் வெயிலில் நின்றால் தலை இடிக்கிறதாம். தாய்க்குத் தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிடுவார் என்று மறைத்திருக்கிறான்.

வவுனியாத் தாதி எழுதியது:

அண்ணா, நீங்கள் எழுதியிருப்பவை மூளை அதிர்வின் அறிகுறிகள். நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தலையிடி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத்திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாத அளவு நித்திரை கொண்டாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கண்மணிகளில் ஒன்று மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, நாளைவரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நினைவு தப்பி மயங்கினால்தான் மூளை அதிர்வு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மூளை அதிர்வு கண்டவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தாடையில் பக்கவாட்டாகப் படும் குத்துத் தலையைச் சடுதியாகச் சுழற்றுவதால், மண்டையோட்டுக்குள் மூளையும் இழுபட்டுத் திருகுப்படுகிறது. தலைக்கவசம் வெட்டுக்காயங்களைக் குறைக்குமே தவிர, இந்தச் சுழற்சியைத் தடுக்காது. அதன் பிறகும் அவன் அழகாக ஆடினான் என்பது மூளை நலமாக இருந்ததற்குச் சான்றாகாது. நித்திரைக் கலக்கத்திலும் பழகிய வழியே பட்டிக்குத் திரும்பும் மாட்டைப்போல, பலநாள் பயிற்சியில் ஊறிய ஜப்பும் காலசைவும் நினைவில் எதுவும் பதியாமலே நடந்துவிடக்கூடும்.

இன்னொன்றையும் அத்தானிடம் சொல்லுங்கள். தலையில் அடிபட்டதால் சண்டை நிறுத்தப்பட்டுத் தோற்றவருக்கு அமெச்சூர் விதிகள் குறைந்தது 30 நாட்கள் கட்டாய ஓய்வு விதிக்கின்றன. மூன்று மாதங்களுக்குள் அதுவே மறுபடியும் நடந்தால் அது 90 நாட்களாகும். எழுந்து வென்றவருக்கு அந்த ஓய்வு தானாகக் கிடைப்பதில்லை. மேடையோர மருத்துவர் கவனித்து விதித்தால்தான் உண்டு. அதே அடியை வாங்கித் தோற்றவன் வீட்டில் ஓய்வெடுக்க, வென்றவன் மூன்று கிழமையில் மேடையேறுகிறான். விதி விட்ட இந்த இடைவெளியை வீட்டார்தான் அடைக்க வேண்டும். முதல் அதிர்வு ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாகவே என்றாலும், மூளை சடுதியாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவ்வாறு பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள்.

ரொறன்ரோச் சகோதரருக்கு: 1984 இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. குத்துகள்தான் அதற்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. பதினெட்டு நாளில் மீண்டும் மேடையேறிய 1962 ஆம் ஆண்டு வழக்கத்தை இன்று ஒரு பிள்ளைக்கு அளவுகோலாக வைக்கவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மாதக்கணக்கில் இருட்டறையில் படுக்கவைக்கவும் தேவையில்லை. அடிபட்டு முதல் ஓரிரு நாட்கள்தான் ஓய்வு வேண்டும். அதன்பின் மருத்துவர் சொல்கிறபடி நடை, மெல்லோட்டம், எதிரே ஆளில்லாமல் காற்றில் குத்தும் நிழற்குத்து, பின்னர் குத்துப்பை என்று படிப்படியாக ஏறலாம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் கொடுத்து, தலையிடி கூடினால் ஒரு படி இறங்க வேண்டும். எதிரே ஆளை நிறுத்திச் செய்யும் பயிற்சிச் சண்டை, அறிகுறிகள் முற்றாக நீங்கி மருத்துவர் எழுத்தில் அனுமதி தந்த பிறகே.

முள்ளியவளைப் பழையவர் எழுதியது:

தங்கச்சி சொன்னதற்கு மேல் மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. தம்பி, வவுனியாப் போட்டியை விட்டுவிடுங்கள். அவன் மறைத்ததைப் பயிற்றுநரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். பயிற்சியை யாரும் நிறுத்தப்போவதில்லை என்ற உறுதியை அக்காவிடம் பெற்றுக்கொண்டு, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். போட்டிப் பதிவேடு இருந்தால், மருத்துவரைக் கொண்டு அதில் இந்த அடியைப் பதியச் செய்யுங்கள். நாளைக்கு வேறு கழகத்துக்கு மாறினாலும் புதிய பயிற்றுநரின் கண்ணில் அது படும். நிறை குறைப்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் அவனிடம் இருந்தால் அதையும் விசாரியுங்கள். சோளகம் வீசும் மாதங்களில், இந்த வெக்கையில், உடல்நீர் வற்றிய நிலையில் மேடையேறுவது வேண்டாத விஷப்பரீட்சை.

அந்த ஹூக் ஏன் பட்டது என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. நீங்கள் சொன்னதிலிருந்து காணொளி இருப்பது தெரிகிறது. அதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். இந்த வயதினரில் பலர் ஜப் அடிக்கும்போதே வலக்கையைத் தாடையிலிருந்து இறக்கி, நாடியையும் மேலே தூக்கிவிடுவார்கள். இவனும் அப்படித்தான் என்றால், மருத்துவர் நிழற்குத்துக்கு அனுமதி தந்ததும், நாடிக்குக் கீழே ஒரு டெனிஸ் பந்தை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் கண்ணாடி முன் ஜப் அடித்துப் பழகட்டும். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஓட விடுவதாக இருந்தால் விடியற்காலையில் விடுங்கள்; வெயிலில் தலை இடிக்கிறது என்று அவனே சொல்லியிருக்கிறான்.