புதுப்பிப்பு: நகர மையத்தில் அறை எடுத்தாயிற்று

சின்னப் பயணத்துக்கு மையத்திலேயே தங்குவதா, கொஞ்சம் தள்ளிப் போவதா என்று கேட்டிருந்தேனே, மையத்திலேயே எடுத்தேன். மதியம் அறைக்கு வந்து காலை நீட்டிவிட்டு மறுபடி கிளம்ப முடிந்தது. கூடுதல் வாடகை அதற்கே தகும்.

சத்தம் பற்றி எச்சரித்தவர்களுக்கு நன்றி. தெருப் பக்கம் வேண்டாம், பின்பக்கம் மேல்மாடி வேண்டும் என்று முன்பதிவுக் குறிப்பிலேயே எழுதினேன், கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே ஏசி இயந்திரங்கள்தான், அது வேறு கதை!

அப்புறம், ஹோட்டல் முன்பதிவுத் தளங்களில் 'மையத்திலிருந்து 500 மீட்டர்' என்று போடுவது பல சமயம் நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால் நடை கூடிவிடும். வரைபடத்தில் நடைவழியைப் போட்டுப் பாருங்கள். செக்-அவுட்டுக்குப் பிறகு பெட்டியை வரவேற்பில் வைத்துக்கொள்வார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.