386 போர்டில் பேட்டரி கசிவு: கீபோர்டு எரரோடு நின்றுவிடுகிறது, உதவுங்கள்

பழையபெட்டி:
வணக்கம் நண்பர்களே. 40 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி 386டிஎக்ஸ் சிப் உள்ள பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஆன் செய்தால் பீப் வருகிறது, மெமரியைக் கடைசிவரை எண்ணிவிடுகிறது. அதோடு கீபோர்டு எரர் என்று காட்டி எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. சிமாஸ் (செட்டப் விவரங்களை பேட்டரி தயவில் நினைவில் வைக்கும் மெமரி) விவரமெல்லாம் அழிந்து கிடக்கிறது, கீபோர்டு வேலை செய்யாமல் செட்டப்புக்குள் போகவும் வழியில்லை.

இதே கீபோர்டு இன்னொரு மெஷினில் நன்றாக ஓடுகிறது. அடியில் கம்ப்யூட்டர் வகையைத் தேர்வு செய்யும் எக்ஸ்டி/ஏடி சுவிட்ச் ஏடி பக்கம்தான். பவர் சப்ளையில் 5.05 வோல்ட், 12.1 வோல்ட். பீப்பாய் வடிவ பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் படிவு, கீபோர்டு சாக்கெட் வரைக்கும் பரவியிருக்கிறது. கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பை மாற்றிப் பார்க்கலாமா? வேறு போர்டு வாங்குவதில் விருப்பமில்லை, இதையேதான் எழுப்ப வேண்டும்.

ஈயக்கம்பி:
சிப்பில் இப்போது கை வைக்காதீர்கள். முதலில் அந்த பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம், விஷம், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குப்பையில் போடாமல் பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

கசிந்திருப்பது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. எனவே வெறும் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதாது. காரத்தை முறிக்கப் பஞ்சுக்குச்சியில் வெள்ளை வினிகர் தொட்டுத் தடவுங்கள், நுரை அடங்கும்வரை. பிறகு வினிகரும் தங்காதபடி டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு நன்றாகக் காயவிடுங்கள். மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் பச்சை பெயின்டுக்கு அடியில் அரிப்பு ஊர்ந்து போயிருக்கும். தடம் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) எங்கே கறுத்திருக்கிறதோ அங்கே லேசாகச் சுரண்டிப் பாருங்கள்.

டிப்ஸ்விட்ச்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் சுரண்டுவதற்கு முன்னால் ஃப்யூஸைப் பாருங்களேன். சாக்கெட் பக்கத்தில் ரெசிஸ்டர் மாதிரியே ஒன்று இருக்கும், நிறைய போர்டுகளில் அதுதான் கீபோர்டுக்கு 5 வோல்ட் தரும் ஃப்யூஸ். அது போயிருந்தாலும் இதே எரர்தான் வரும்.

ஈயக்கம்பி:
அதை மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். பழையபெட்டி, ஆன் செய்தவுடன் கீபோர்டின் மூன்று விளக்கும் ஒரு தடவை மின்னி அணைகிறதா? கீபோர்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்வதற்கான அடையாளம் அது. மின்னினால் 5 வோல்ட் போய்ச் சேருகிறது, ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பழையபெட்டி:
மின்னுகிறது, ஒவ்வொரு தடவையும்.

ஈயக்கம்பி:
அப்படியென்றால் கீபோர்டின் சிக்னல் போகும் தடங்களான க்ளாக், டேட்டா இரண்டில் ஒன்று அறுந்திருக்கிறது. பவரை அணைத்துவிட்டு மீட்டரை பீப் மோடில் (இரு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும்) வையுங்கள். ஐந்து ஊசி டின் சாக்கெட்டில் 1 க்ளாக், 2 டேட்டா, 4 கிரவுண்டு, 5 தான் 5 வோல்ட். எண்கள் வரிசையாக இருக்காது, 1-4-2-5-3 என்று வளைந்து போகும். நட்ட நடுவில் இருப்பது 2.

கீபோர்டு கன்ட்ரோலர் 40 கால் உள்ள 8042 வகை சிப்பாக இருந்தால் க்ளாக் அதன் 1வது காலுக்கும் டேட்டா 39வது காலுக்கும் போக வேண்டும். இடையில் சின்ன ஃபெரைட் மணி (இரைச்சலை வடிகட்டும் பாகம்) இருக்கலாம், அதைத் தாண்டியும் பீப் வரும். சில போர்டுகளில் நடுவே சிக்னலை வாங்கிக் கடத்தும் பஃபர் சிப் இருக்கும், அப்போது நேராக பீப் வராது, தடத்தைக் கண்ணால் பின்தொடர வேண்டும்.

பழையபெட்டி:
க்ளாக் பீப் அடிக்கிறது. டேட்டா இல்லவே இல்லை! லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பேட்டரி உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே தடம் மேல்பக்கத்திலிருந்து அடிப்பக்கம் இறங்கும் துளை இருக்கிறது. அதன் வளையமே கரைந்து கறுப்பாகக் கிடக்கிறது. சால்டர் அங்கே பிடிக்க மறுக்கிறது.

ஈயக்கம்பி:
அரித்த ஈயம் சாம்பல் நிறமாக மங்கிப்போய் சூட்டுக்கு இளகாது. துளையோடு மல்லுக்கட்ட வேண்டாம். போர்டின் அடிப்பக்கத்தில் சாக்கெட்டின் 2வது ஊசியிலிருந்து 39வது கால் வரை 30 கேஜ் மெல்லிய ஒயரை நேராக இழுத்துவிடுங்கள். ஃபெரைட் மணி இருந்தால் சிப் பக்கத்து முனையிலிருந்து இழுங்கள். பற்றவைக்கும் இடத்தைச் சுரண்டி, ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவி, புது ஈயம் வைத்தால் பழையதும் இளகிச் சேரும்.

பழையபெட்டி:
வந்துவிட்டது! எஃப்1 அழுத்தினேன், செட்டப் திறந்தது. அந்த நீலத் திரையைப் பார்த்ததும் உண்மையிலேயே கை நடுங்கியது. மிக்க நன்றி அண்ணா. இரண்டு கேள்வி. பேட்டரிக்குப் பதிலாக சிஆர்2032 காயின் பேட்டரி வைக்கலாமா? ஹார்டு டிஸ்க் இடத்தில் சிஎஃப் (காம்பாக்ட் ஃப்ளாஷ்) மெமரி கார்டு போட்டால் எடுக்குமா?

டிப்ஸ்விட்ச்:
வாழ்த்துகள்! பழைய பேட்டரி இருந்த இடத்திலேயே சிஆர்2032 வைப்பதாக இருந்தால் டயோடு (மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் பாகம்) கட்டாயம். போர்டு அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யும்படி அமைந்தது, லித்தியம் காயினுக்குள் சார்ஜ் போனால் ஆபத்து. என் விருப்பம் மூன்று ஏஏ செல் போடும் பெட்டி, 4.5 வோல்ட். வெளி பேட்டரிக்கான நாலு ஊசி இருந்தால் அதில் மாட்டுங்கள். பிளஸ் எது, மைனஸ் எது, போர்டிலிருந்து எதிர்த்து மின்சாரம் வருகிறதா என்பதை மீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள், வந்தால் அங்கேயும் டயோடு வேண்டும். ஒயரை நீளமாக விட்டு, பெட்டியை போர்டிலிருந்து தள்ளி வையுங்கள். நாளைக்கு அந்தச் செல்லும் கசிந்தாலும் தடங்களுக்கு ஒன்றும் ஆகாது.

சிஎஃப் கார்டு, ஹார்டு டிஸ்க் கேபிளில் மாட்டும் ஐடிஇ அடாப்டரோடு எடுக்கும். பயாஸில் (அந்த செட்டப் திரையில்) டிஸ்க் வகையை டைப் 47 என்று வைத்து அளவு எண்களை நீங்களே கொடுக்க வேண்டும். 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், அதாவது 504 எம்பிதான் உச்சம். அதைவிடப் பெரிய கார்டு போட்டால் மிச்ச இடத்தை இந்த பயாஸ் பார்க்காது. டாஸுக்கும் அந்தக்கால விளையாட்டுகளுக்கும் 504 எம்பி தாராளம்.