நர்சரியில் தின்ற உரம், விளையில் (தோட்டத்தில்) நட்ட தை (மரக்கன்று): உங்கள் அனுபவம் என்ன?

அருமனைக்காரன்
ஐப்பசி மழையில் அறுபது மூடு மகோகனி நட்டேன். இடுப்பளவு உயரம், கரும்பச்சை இலை, பார்த்ததும் மயங்கிவிட்டேன். வாரம் தவறாமல் யூரியா கரைத்து ஊற்றியதாக நர்சரிக்காரர் பெருமையாகவே சொன்னார். மார்கழி கழிந்து மழை நின்றதும் உச்சி வாடத் தொடங்கியது. மாசியில் ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். தை வளர்த்த பிளாஸ்டிக் கவரின் வடிவம் மாறாமல் அந்த மண்ணுருளை அப்படியே கையோடு வந்தது! வெளியே ஒரு விரல் நீளம்கூட வேர் ஓடவில்லை. நாற்பதுக்கு மேல் பட்டுப்போயிற்று.

பறம்புவாசி
யூரியாவை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். எனக்கு நேர்மாறு. "பட்டினி போட்டு வளர்த்தது, எந்த வெயிலையும் தாங்கும்" என்று சொல்லி, பலா இனத்து மரமான அயனித் தைகளைத் தலையில் கட்டினார்கள். அடி இலையெல்லாம் மஞ்சள், உச்சியில் மட்டும் இரண்டு இலை பச்சை. சாகவில்லை, சரி. வளரவும் இல்லை. இரண்டு இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) கடந்தும் முழங்காலைத் தாண்டவில்லை, பக்கத்துப் புல் தாண்டிவிட்டது. புது மண்ணில் வேர் பிடிக்கும்வரை, உடம்பில் சேர்த்து வைத்த சத்தில்தான் தை தளிர் விட வேண்டும். காசில்லாமல் கல்ஃபில் இறங்கியவன் முதல் சம்பளம் வரும்வரை படும் பாடுதான் அது.

பழைய நாற்றங்கால் கை
உரம் கூடிப்போய் ஐநூறு தேக்கு நாற்றை ஒரே வாரத்தில் கருக்கியவன் நான். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). அளவு மிஞ்சினால் கவர் மண்ணில் உப்பேறி வேர்நுனி கருகும். மிஞ்சாமல் தொடர்ந்து கொடுத்தாலோ தழை கொழுக்கும், வேர் பின்தங்கும்; வெயில் வந்ததும் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற அந்த வேரால் முடியாது. தை சிறிதாக இருக்கையில் கொஞ்சமாகத் தொடங்கி, வளர வளரக் கூட்டுங்கள். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கூடவே வேண்டும். நடுவதற்குச் சில வாரம் முன்பே நிழல்வலையை விலக்கி, தண்ணீரையும் தழைச்சத்தையும் குறையுங்கள். அடியோடு நிறுத்தினால்தான் மேலே ஒருவர் சொன்ன பட்டினி. வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், தூரின் தடிமனைப் பாருங்கள். கவரை ஓரத்தில் கிழித்து வெள்ளை வேர்நுனி தெரிகிறதா என்று பாருங்கள். அடியில் சுருண்ட வேரை வெட்டிவிட்டு நடுங்கள். அருமனைத் தம்பியின் நஷ்டத்தில் அதற்கும் பங்கு இருக்கும். ரப்பர் என்றால் உச்சி அடுக்கு இலை முற்றிய பிறகே நட வேண்டும். அப்புறம், மட்காத கோழி வளத்தை (கோழி எருவை) குழியில் போடாதீர்கள்.

அருமனைக்காரன்
அண்ணே, கவரைக் கிழித்துப் பார்த்தால் அந்த ஆள் தை தருவாரா? கோழி வளம் நான் போடவே இல்லை. வேர் சுருண்டிருந்தது உண்மைதான், கோபத்தில் அதை எழுதாமல் விட்டேன். நேற்று அந்த வழியாகப் போனேன். இந்த மழைக்கான சரக்கை ரோட்டோரம் அடுக்கியிருக்கிறார். அதே கரும்பச்சை, அதே இடுப்பளவு. வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன்.