லினக்ஸில் பென் ட்ரைவுக்குக் கொப்பி போட்டால் மெசின் இறுகுகிறதா? உங்கள் அனுபவம்

பரந்தன் சந்தி:
கலியாண வீடியோ கொடுக்கிற அவசரம். உபுண்டு லினக்ஸ், 16 ஜிபி ராம், பைல் இரண்டு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. பென்னில் போட்டதும் பச்சைக் கோடு மளமளவென்று ஓடி முடிந்துவிட்டது. பென்னின் நீல லைட் மட்டும் மினுங்கிக்கொண்டே இருக்கிறது. "பொறுங்கோ ஐயா" என்று வாய் திறக்கிறேன், "முடிஞ்சுதெண்டு காட்டுதே தம்பி" என்றபடி மாப்பிள்ளையின் மாமா உருவி எடுத்துவிட்டார். அந்த லைட் பொக்கென்று அணைந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டில் போட்டால் பைல் திறக்கவே இல்லையாம்.

மாங்குளத்தான்:
பரந்தன் சொல்வது பாதிக் கதை. அது டேர்ட்டி பக்கம், அதாவது டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாமல் ராமில் கிடந்த துண்டு, அவ்வளவுதான். எனக்கு மெசினே செத்தது. 2 ஜிபி ராம், பிரவுசர் திறந்தபடி, யூஎஸ்பியில் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு பாக்கப். அம்புக்குறி திரை நடுவில் அசையவில்லை, மணிக்கூடும் 10.42 இலேயே நிற்கிறது. ராமில் இடம் தேடும்போது மாற்றமில்லாத பக்கத்தை கேர்னல் (லினக்ஸின் மையப் புரோகிராம்) அப்படியே தூக்கி எறியும். டேர்ட்டி பக்கத்தை எழுதி முடிக்காமல் எறிய முடியாது. போகிற இடம் ஊர்கிற டிஸ்க் என்றால் பின்னணியில் ராமைக் காலியாக்குகிற கேஸ்வாப்டி திணறும். பிறகு ராம் கேட்ட புரோகிராமே நின்று இடம் தேட வேண்டிவரும். பிரவுசர் நின்றது அதனால்தான். 2012 இல் வந்த கேர்னல் 3.2 இலிருந்து அந்தப் புரோகிராம் தானே பைல் பக்கங்களை எழுதப் போவதில்லை, ஆனால் காத்திருப்பு தீரவில்லை.

புதுக்குடியிருப்பு:
கரண்ட் போனது, சங்கக்கடையில் கடைசியாக அடித்த பில்லைக் காணவில்லை. என் கதை இவ்வளவுதான். எல்லோரும் இதைச் செய்யுங்கோ. பாவிக்கக்கூடிய ராமில் 10 வீதம் டேர்ட்டி ஆனால் கேர்னல் பின்னணியில் எழுதத் தொடங்கும், 20 வீதத்தை நெருங்கினால் எழுதுகிற புரோகிராமையே பிடித்து மெதுவாக்கும். 5 செக்கனுக்கு ஒருமுறை எழும்பிப் பார்த்து, 30 செக்கன் பழசானதை டிஸ்க்குக்கு அனுப்பும். பெரிய ராமில் 20 வீதம் என்பது ஜிபிக் கணக்கு! கேர்னல் செட்டிங்கில் அந்த 20 வீதத்துக்குப் பதிலாக டேர்ட்டி பைட்ஸ் 48 எம்பி, 10 வீதத்துக்குப் பதிலாக டேர்ட்டி பாக்கிரவுண்ட் பைட்ஸ் 16 எம்பி போடுங்கோ. வீதக் கணக்கு பூச்சியமாகக் காட்டும், பயப்படாதீங்கோ. ராம் நிலவரம் காட்டுகிற புரொக் மெமின்போ பைலில் டேர்ட்டி, றைட்பாக் (இப்போது எழுதப்படுவது) இரண்டு வரியையும் பாருங்கோ. மிச்சத்தை எழுதி முடிக்கிற சிங்க் கட்டளையை அடித்து, அது முடிந்த பிறகே பென்னைக் கழட்டுங்கோ. யூபிஎஸ் பற்றரியையும் ஒருக்கால் பாருங்கோ.

மாங்குளத்தான்:
யார் கேட்டது? அந்த 48 எம்பி பென்னுக்கு மட்டுமில்லை, உள்ளே இருக்கிற எஸ்எஸ்டிக்கும் சேர்த்துத்தான். வீடியோ வெட்டுகிற கடையில் இதைப் போட்டால், எழுதி உடனே அழிக்கிற தற்காலிக பைலும் டிஸ்க்குக்கு ஓடும். பென்னுக்கு மட்டும் வேண்டுமென்றால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி செட்டிங் இருக்கிற பிடிஐ போல்டருக்குள் மாக்ஸ் ரேஷியோ (அந்த டிஸ்க்குக்கான உச்ச வீதம்) இருக்கிறது. புதிய கேர்னலில் அந்த வரம்பைக் கண்டிப்பாக்குகிற ஸ்ட்ரிக்ட் லிமிட்டும் போடலாம்.

பரந்தன் சந்தி:
சரி, பிடிஐ பார்க்கிறேன். பென் குத்தும்போதே அந்த செட்டிங் தானாக விழ யூடெவ் ரூல் (டிவைஸ் குத்தினதும் ஓடுகிற விதி) யாரிடமாவது இருக்கா?