புதுப்பிப்பு: கடைசியில் .308 ரைஃபிள் வாங்கிவிட்டேன்

மான், எல்க் (பெரிய வகை மான்) இரண்டையும் வேட்டையாடவும், சும்மா குறிபார்த்துப் பழகவும் ஒரே ரைஃபிள் வேண்டும், எந்தக் காலிபர் (தோட்டா அளவு) எடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் .30-06 என்றீர்கள், மீதிப் பேர் 6.5 க்ரீட்மோர்.

இங்கே மொன்டானாவில் நண்பருடைய .30-06-ஐச் சுட்டுப் பார்த்தேன். 1906-இல் வந்த கிழவர், சுடும்போது தோளில் விழும் உதை மட்டும் குறையவே இல்லை! இருபதாவது தோட்டாவில் தோள்பட்டை கன்றிவிட்டது. .308 தோட்டாவின் கூடு (மருந்து அடைத்த பித்தளைக் குழல்) .30-06-இன் 63 மி.மீ.க்குப் பதில் 51 மி.மீ. நீளம்தான், வேகம் கொஞ்சம் கம்மி, உதையும் கம்மி. க்ரீட்மோர் இன்னும் மென்மை, தூரத்துக்கும் நல்லது. ஆனால் எல்க் என்றால் எனக்குக் கனமான குண்டுதான் மனசுக்குச் சரி.

ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகு தளர்ந்திருந்ததில் முதல் நாள் வீண். அப்புறம் 165 கிரெய்ன் (சுமார் 10.7 கிராம்) எடைக் குண்டு, 100 கஜம்: மூன்று ஓட்டையும் ஒரு எலுமிச்சை அளவுக்குள்.